காதுக்குப் புள்ளி இல்லை

கல்முனையில் ஒரு மாணவி, ஒரே ஒரு ஆங்கில வாக்கியத்தைக்கூடக் காதால் கேட்டு விளங்கிக்கொள்ளாமல், க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ‘ஏ’ சித்தி எடுக்கலாம். பரீட்சைத் தாள் அப்படித்தான் அமைந்திருக்கிறது. முதல் தாளுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டாம் தாளுக்கு இரண்டு மணித்தியாலம். டெஸ்ட் 1 இலிருந்து டெஸ்ட் 16 வரை எல்லாம் கண்ணுக்கும் கைக்கும்தான்: படத்தோடு பொருத்து, இடைவெளி நிரப்பு, அறிவித்தல் எழுது, கடிதம் எழுது, பந்தியை வாசித்து விடையெழுது. பாடத்திட்டம் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று நான்கு திறன்களைச் சொல்கிறது. புள்ளி பின்னிரண்டுக்கு மட்டும்.

கேட்டலுக்கும் பேச்சுக்கும் பரீட்சை இல்லாதது குறைதான் என்று ஆசிரியர்கள், பாட ஆலோசகர்கள், பெற்றோர் எல்லாரும் சொல்வார்கள். அதை இன்னொரு தடவை சொல்ல ஒரு கட்டுரை வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குறை கேட்டலோடு நிற்கவில்லை என்பது என் எண்ணம். காதைப் பழக்காமல் விட்டதால், புள்ளி கொடுத்துப் பாதுகாத்த வாசிப்பும் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கிறது. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் இந்தக் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் அது எப்படி நடந்தது என்று பார்க்கலாம்.

கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். இந்தக் கரையில் ஆங்கிலம் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது வெஸ்லியன் மிஷன் வழியாக. 1892 இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் கல்முனையில் மிஷன் பள்ளியில் படித்துவிட்டுத்தான் மட்டக்களப்புக்குப் போனார். (கல்முனையில் ஆங்கிலம் கேட்ட அந்தக் காதுதான் பின்னாளில் பழந்தமிழ் இசையின் சுருதிகளைக் கணக்கிட்டு, 1947 இல் வெளிவந்த யாழ் நூலை எழுத உதவியது என்று சொன்னால் மிகையாகத்தான் இருக்கும், சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.) இந்தக் கரையின் முஸ்லிம் குடும்பங்கள் மிஷன் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கின. மார்க்கம் கெட்டுவிடும் என்ற பயம். அந்தத் தயக்கத்தைத் தீர்க்க நாட்டின் மறுபக்கத்தில் சித்தி லெப்பை 1882 இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையில் எழுதியெழுதிப் போராடினார். கல்முனையில் ஸாஹிரா கல்லூரி உருவாக 1949 ஆயிற்று. அதற்குள் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்துவிட்டது. தாய்மொழியிலேயே படிக்கும் வழியும் அதனோடு வந்தது.

தாய்மொழிக் கல்வி வந்தது நியாயம். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் அதனால் ஒரு கணக்கு மாறியது. மிஷன் பள்ளிப் பிள்ளை கணக்கையும் சரித்திரத்தையும் பூமிசாஸ்திரத்தையும் ஆங்கிலத்திலேயே கேட்டது. கேட்டல் என்று தனியாக ஒரு பயிற்சி தேவைப்படவில்லை. காலை முதல் பகல் வரை வேறென்ன நடந்தது? தாய்மொழிக் கல்வியில் ஆங்கிலம் நாற்பது நிமிடப் பாடம் ஒன்றாகச் சுருங்கியது. காது இழந்த அந்த மணித்தியாலங்களுக்குப் பதில் என்ன என்று அப்போது யாரும் கேட்கவில்லை. மிஷன் பள்ளிக்கே போகாத ஊர்களுக்கு இது இன்னும் பாதகம், ஏனென்றால் வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த ஒரு முந்தைய தலைமுறையும் அங்கே இல்லை.

பரீட்சை வகுப்பறையை என்ன செய்கிறது என்று உலகத்தில் நடந்த ஆய்வுகளில் மிகவும் பேசப்பட்ட ஒன்று, வேறெங்கும் அல்ல, இலங்கையில்தான் நடந்தது. ஆங்கில ஆசிரியர்களில் பலருக்கு இது தெரியாது என்பது வேடிக்கை. 1980களில் ‘இங்கிலிஷ் எவ்ரி டே’ என்ற புதிய பாடநூல் தொடர் பள்ளிகளுக்கு வந்தது. இலக்கணத்தை மனப்பாடம் செய்யாமல் ஆங்கிலத்தை அன்றாடத் தேவைக்குப் பயன்படுத்தக் கற்பிப்பது அதன் நோக்கம். 1988 இல் சாதாரண தரப் பரீட்சையும் அதற்கேற்ப மாற்றப்பட்டது. பரீட்சையை மாற்றினால் கற்பித்தலும் மாறும் என்ற நம்பிக்கை. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் டயான் வோலும் சார்ல்ஸ் ஓல்டர்சனும் இலங்கை ஆசிரியர்களின் வகுப்புகளில் நெடுநாள் அவதானிப்பு நடத்தி, 1993 இல் ‘லாங்குவிஜ் டெஸ்டிங்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். வோல் அதைப் பின்னர் 2005 இல் தனி நூலாகவே எழுதினார்.

முடிவு சுருக்கமானது. பரீட்சை, எதைக் கற்பிப்பது என்பதை மாற்றியது. எப்படிக் கற்பிப்பது என்பதை மாற்றவில்லை. வருடத்தின் முற்பகுதியில் ஆசிரியர்கள் பாடநூலைப் பின்பற்றினார்கள். பரீட்சை நெருங்கிய மூன்றாம் தவணையில் பாடநூல் ஓரமாகி, கடந்தகால வினாத்தாள்களும் கடையில் விற்கும் பயிற்சிப் புத்தகங்களும் மேசைக்கு வந்தன. பரீட்சையில் வராத கேட்டலும் பேச்சும் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்ற பட்டியலுக்குப் போயின. வாசிப்புப் பந்தி இருந்தது. ஆனால் ஆசிரியர் அதை வரிவரியாகத் தமிழிலோ சிங்களத்திலோ சொல்லிக்கொடுத்தால் அந்த வாசிப்பு யாருடையது?

கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஆகப் போகிறது. பாடநூல் பல தடவை மாறிவிட்டது. 2009 ஐ அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாகப் பிரகடனம் செய்தது; பேச்சாங்கிலத்தை முன்னிறுத்தி, ‘நம்முடைய வழியில் ஆங்கிலம்’ என்ற கோஷத்தோடு, ஹைதராபாத்துக்கு ஆசிரியர்களை அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். சாதாரண தர வினாத்தாளில் காதுக்கான பகுதி மட்டும் வந்தபாடில்லை.

கேட்டலுக்குப் புள்ளி வைத்த நாடுகளைப் பாருங்கள். சீனாவின் கவ்காவ், அதாவது பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையின் தேசிய ஆங்கிலத் தாளில், மொத்தம் 150 புள்ளியில் 30 கேட்டலுக்கு. இருபது வினா. முதல் ஐந்து சிறு உரையாடல்கள் ஒரே தடவைதான் ஒலிக்கும். நீளமானவை இரண்டு தடவை. தென் கொரியாவின் சுனுங் என்ற நுழைவுப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 45 வினா, அதில் 17 கேட்டல். அந்த அரைமணி நேரச் சொச்சத்தில் நாடு முழுக்க விமானங்கள் ஏறவும் இறங்கவும் தடை. ஆங்கிலக் கேட்டலுக்காக வானத்தையே நிறுத்திவைக்கும் ஒரு நாடு! அதனால் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஆங்கிலத்தில் சரளம் என்று எண்ணிவிடக் கூடாது. பரீட்சைக்குப் படித்து வாய் திறக்காதவர்களின் ஆங்கிலத்தைச் சீனர்களே ‘ஊமை ஆங்கிலம்’ என்று கேலி செய்கிறார்கள். ஆனால் ஒலிப்பதிவைக் கேட்டு விளங்குவது அங்கே ஒரு வேலையாக, தினசரிப் பழக்கமாக இருக்கிறது. நம்மிடத்தில் அது பரிச்சயமே இல்லாத ஒரு பொருள்.

இங்கே ஆசிரியர் வழிகாட்டியில் கேட்டலுக்கான பந்தி இருக்கும். ஆசிரியர் அதை வாசிக்க வேண்டும், பிள்ளைகள் கேட்டு விடையளிக்க வேண்டும். நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பந்தியைத் தாண்டிப் போய்விடுவார், அல்லது சொல் சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்து வாசிப்பார். இரக்கத்தால்தான் அப்படிச் செய்கிறார். ஆனால் அப்படி யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை.

இங்கேதான் ஒலியியல் உள்ளே வருகிறது. தமிழில் அசைகள் ஏறக்குறைய ஒரே நிறையில் வரிசையாக வரும். ஆங்கிலத்தில் சில அசைகள் ஓங்கி ஒலிக்க, மற்றவை நசுங்கிப் போகும். ‘கப் ஒஃப் டீ’ என்று புத்தகத்தில் மூன்று சொல்லாகப் படித்த பிள்ளையின் காதில் விழுவது ‘கப்பட்டீ’. ‘தேர்ட்டீன்’, ‘தேர்ட்டி’ இரண்டையும் பிரிப்பது கடைசி எழுத்து மட்டும் அல்ல, அழுத்தம் விழும் இடமும்தான். ஆன் கட்லரும் அவரது சகாக்களும் 1980களில் செய்த ஆய்வு ஒன்று சுவாரசியமானது: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கேட்பவர்கள் ஓங்கிய அசை வந்ததும் அங்கே ஒரு புதுச் சொல் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சில் வரும் ஆங்கிலப் பொருட்சொற்களில் ஏறத்தாழ தொண்ணூறு வீதம் அப்படி ஓங்கிய அசையில்தான் தொடங்குகின்றன என்பதால், அந்த ஊகம் அதிகம் பிழைப்பதில்லை. தமிழ்க் காதுக்கு இந்தக் கத்தி கிடையாது. எங்கே வெட்டுவது என்று தெரியாமல் ஒரே நீளமாக ஓடும் ஒலியைக் கேட்டு, ‘சேர், கெதியாப் பேசுறாங்க’ என்று பிள்ளை சொல்கிறது. வேகத்தில் பிழையில்லை.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காது மந்தம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஒரு குர்ஆன் மதரசாவில் பின்னேரம் போய் இருந்து பார்க்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை ‘ஸீன்’, ‘ஸாத்’, ‘ஸே’ மூன்றையும் பிரித்துக் கேட்கிறது, பிரித்துச் சொல்கிறது. தமிழுக்கு அந்த மூன்றும் ஒன்றே. தொண்டையின் எந்த இடத்திலிருந்து ‘ஐன்’ வர வேண்டும் என்ற மக்ரஜ் தெரியும். எந்த உயிரை எத்தனை மாத்திரை நீட்டுவது என்று தெரியும். பிழைத்தால் ஓதிக்கொடுப்பவர் நிறுத்துவார். பிள்ளை திரும்பக் கேட்டு, திரும்ப ஓதும். அதே பிள்ளை வீட்டுக்கு வந்து ‘அசர்’ என்றும் ‘லுஹர்’ என்றும் சொல்லும். அரபில் அந்தச் சொற்களின் ஈற்றில் இரண்டு மெய்கள் நடுவில் உயிரின்றி ஒட்டி நிற்கின்றன, தமிழ் நாக்கு நடுவில் ஓர் உயிரைச் செருகிக்கொள்கிறது. ‘ஃபிலிம்’ என்று நாம் ஆங்கிலத்துக்குச் செய்வதும் அதுவே. ஆனால் ஓதும்போது பிள்ளை அந்த உயிரைச் செருகுவதில்லை, செருக விடவும் மாட்டார்கள். ஆக, ஒரே பிள்ளையிடம் இரண்டு காது பழகியிருக்கிறது. ஈற்று மெய்களைக் கேட்பதும் ‘ஃப’, ‘ஸ’ பிரிப்பதும் ஆங்கில வகுப்பில் புதுப் பாடமாகத் தொடங்க வேண்டியவை அல்ல. இந்த மூலதனத்தைப் பயன்படுத்திய ஆங்கிலப் பாடநூல் ஒன்றையும் நான் கண்டதில்லை. பாடநூலுக்கு அடிப்படையான பாடத்திட்டம் மஹரகமையில் எழுதப்படுகிறது. இந்தப் பிள்ளை தமிழ், அரபு, சிங்களம், ஆங்கிலம் என்று நான்கு எழுத்து வடிவங்களை, அதிலொன்றை வலமிருந்து இடமாக, தரம் 6 இலேயே சுமக்கிறது என்பது அங்கே யாருடைய கணக்கிலும் இல்லை.

மதரசாவின் பழக்கம் ஒன்று ஆங்கில வகுப்பில் பாதகமாகவும் ஆகும். ஓதுவதற்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஓதுதலே இபாதத், அதாவது வழிபாடு. அது அங்கே சரி. ஆனால் அதே அளவுகோலை ஆங்கிலத்துக்கும் எடுத்துவந்து, தடுமாறாமல் சத்தமாக வாசிக்கும் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று பெற்றோரும் ஆசிரியரும் நம்பிவிடுகிறார்கள். 1986 இல் கோஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனை, அந்த மொழியைக் கேட்டு விளங்கும் திறனால் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு விளக்கம். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒரு பக்கம் பூச்சியமானால் விடையும் பூச்சியம். கேட்டு விளங்காத மொழியை எவ்வளவு அழகாக வாசித்தாலும் விளங்காது என்பதைத்தான் அவர்கள் அந்தச் சிறு சமன்பாட்டில் அடக்கினார்கள். இரண்டாம் மொழிக்கு இது அப்படியே பொருந்துமா என்ற விவாதம் இருக்கிறது. பெரிதாக விலகாது என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் பரீட்சையில் வாசிப்புப் பந்திக்கு எப்படிப் புள்ளி வருகிறது? ஒரு சோதனை செய்து பார்ப்போம். ‘தும்பிளான் கரட்டையில் நேற்று மாலை இரண்டு பிசுவல்களைக் கொம்மிட்டான்.’ தும்பிளான் எத்தனை பிசுவல்களைக் கொம்மிட்டான்? இரண்டு. எங்கே? கரட்டையில். எப்போது? நேற்று மாலை. எதைக் கொம்மிட்டான்? பிசுவல்களை. நான்கு வினாவுக்கும் முழுப் புள்ளி. தும்பிளான் யார், பிசுவல் என்றால் என்ன, கொம்மிடுவது நல்ல காரியமா கெட்ட காரியமா என்று எழுதிய எனக்கே தெரியாது. டியூஷன் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இந்த வித்தையைத்தான். வினாவில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடு. அந்த வரியை எடுத்து எழுது. ‘ஹூ’ என்றால் ஆள், ‘வேர்’ என்றால் இடம். வித்தை வேலை செய்கிறது, அதனால் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குறைசொல்ல முடியாது. ‘தும்பிளான் வெட்கப்பட்டான் என்று எதைக்கொண்டு சொல்வாய்?’ என்ற மாதிரி ஒரு வினா வரும்போதுதான் பேனா நிற்கும்.

பழைய ஆங்கிலப் பாடநூல் ஒன்றைத் திறந்தால் இதன் தடம் தெரியும். ஒவ்வொரு வரிக்கு மேலேயும் பென்சிலால் தமிழ்க் கருத்து. சில பக்கங்களில் ஆங்கில எழுத்தே தெரியாத அளவுக்கு நெருக்கி எழுதியிருக்கும். அந்தப் புத்தகம் அடுத்த வருடம் இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகும்போது, அந்தப் பிள்ளைக்கு வாசிக்க ஆங்கிலமே மிஞ்சியிருக்காது. பால் நேஷனும் ஹூ என்பவரும் 2000 இல் காட்டியபடி, உதவியின்றி ஒரு பந்தியை விளங்கி வாசிக்க அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 வீதம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது நூறில் இரண்டு சொல்தான் புதிதாக இருக்கலாம். நம்முடைய தரம் 10, 11 பந்திகள் பல பிள்ளைகளுக்கு அந்த எல்லைக்கு எங்கேயோ அப்பால் இருக்கின்றன. பென்சில் எழுத்து சோம்பலில் வந்ததல்ல, வேறு வழியில்லாமல் வந்தது.

இந்தப் பென்சில் வாசிப்புக்கு எதிராக நிற்கும் சான்று பசுபிக் தீவொன்றில் இருக்கிறது. ஃபீஜியின் கிராமப் பள்ளிகளில் வார்விக் எலியும் பிரான்சிஸ் மங்குபாயும் செய்து 1983 இல் வெளியிட்ட ஆய்வு அது. எட்டுப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் படங்கள் நிறைந்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களை 250 வீதம் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களாகவே மௌனமாக வாசித்தார்கள். சிலவற்றில் ஆசிரியர் பெரிய புத்தகத்தைக் காட்டி உரத்து வாசித்து, பிள்ளைகளோடு பேசிப் பேசிக் கதையை நகர்த்தினார். வழமையான பாடநூலோடு இருந்த பள்ளிகளை ஒப்பிட்டபோது, எட்டு மாதத்தில் வாசிப்பிலும் கேட்டலிலும் முன்னேற்றம் ஏறத்தாழ இரட்டிப்பு. கேட்டலிலும் என்பதைக் கவனிக்க வேண்டும்: புத்தகம் கொடுத்த இடத்தில் காதும் வளர்ந்தது. ஃபீஜி என்றால் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்களின் பேரப்பிள்ளைகளும் உள்ள நாடு. வசதியான இடம் என்று தள்ளிவிட முடியாது. எலியின் முறை பின்னர் இலங்கையிலும் முயலப்பட்டது. இங்கே நிலைத்த பழக்கமாக அது ஆகவில்லை.

இந்தக் கரையில் நாளைக்கே தொடங்கக்கூடியது என்ன? ஒலிப்பதிவுக் கருவி, மொழி ஆய்வுகூடம் என்று கேட்டால் 2022 இன் மின்வெட்டை நினைத்துப் பார்க்கச் சொல்வார்கள். மின்சாரமே வேண்டாத ஒரு முறை இருக்கிறது. ரூத் வைன்ரிப் 1990 இல் விளக்கிய ‘டிக்டோகுளோஸ்’. நான்கைந்து வாக்கியம் உள்ள ஒரு சிறு பந்தியை ஆசிரியர் இயல்பான வேகத்தில், நிறுத்தாமல், இரண்டு தடவை வாசிப்பார். பிள்ளைகள் காதில் விழுந்த சொற்களை மட்டும் குறித்துக்கொள்வார்கள். பிறகு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து பந்தியைத் திரும்பக் கட்டுவார்கள். ‘த போட்ஸ் ஹாட் கம் பேக் பிஃபோர் த ரெயின் ஸ்டார்ட்டட்’ என்று ஒரு வரி வைத்துக்கொள்வோம். எல்லாக் கொப்பியிலும் ‘போட்’, ‘கம் பேக்’, ‘ரெயின்’ இருக்கும். ‘ஹாட்’ இருக்காது, அது நசுங்கிய அசை. மழை முதலா, தோணி முதலா என்று ஒரு மேசையில் தர்க்கம் தொடங்கும். தர்க்கம் தமிழில் நடக்கட்டும், தோஷமில்லை. அந்தத் தர்க்கத்தில் இலக்கணமும் கேட்டலும் வாசிப்பும் எழுத்தும் ஒன்றாக வந்துவிடுகின்றன. சொல்வதெழுதல் என்று நம் முன்னோர் செய்ததுதானே என்று கேட்கலாம். அதில் ஆசிரியர் துண்டு துண்டாகச் சொல்வார். இதில் துண்டாக்கும் வேலை பிள்ளையுடையது. வித்தியாசம் முழுவதும் அங்கேதான்.

இன்னொன்று, பிழையான விடையோடு என்ன செய்வது என்பது. கேட்டல் கற்பித்தலை ஆய்ந்த ஜோன் ஃபீல்ட் பல வருடமாகச் சொல்லிவந்தது: கேட்டல் வகுப்பென்று நாம் நடத்துவது பெரும்பாலும் கேட்டல் பரீட்சை. விடை சரியா பிழையா என்று அடையாளமிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறோம். பிழைத்த பிள்ளை எந்த ஒலியில் வழுக்கியது என்று திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. மதரசாவில் ஓதிக்கொடுப்பவர் அதைத்தானே ஒவ்வொரு பின்னேரமும் செய்கிறார்? பிழைத்த இடத்திலேயே நிறுத்தி, அந்த இடத்தையே திரும்பக் கேட்கவைப்பது. அட்டாளைச்சேனையில் பயிற்சி பெறும் ஓர் இளம் ஆசிரியைக்கு இதற்குப் பிறநாட்டு நூல் தேவையில்லை. தான் சிறு வயதில் ஓதிய விதத்தை நினைத்துப் பார்த்தால் போதும்.

கேட்டலைப் பரீட்சையில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற வாதத்தில் எனக்கு அரை நம்பிக்கைதான். 1988 இன் படிப்பினை அது. பரீட்சை மாறிய அடுத்த தவணையே டியூஷன் வகுப்புகளில் ‘லிஸனிங் பேப்பர்’ ஒலிப்பதிவுகள் விற்பனைக்கு வரும். வினாவில் உள்ள சொல் ஒலிக்கும் கணத்துக்குக் காத்திருந்து விடையைப் பிடிக்கும் புது வித்தையும் வரும். ஆனாலும் சேர்க்க வேண்டும். புள்ளி இல்லாத ஒன்றுக்கு நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடம் ஒதுக்கும் துணிவு தரம் 11 ஆசிரியருக்கு வராது, வந்தாலும் பெற்றோர் விடமாட்டார்கள். மாகாண மட்டத் தவணைப் பரீட்சையிலாவது பத்துப் புள்ளியோடு தொடங்கிப் பார்க்கலாம். ஒலிபெருக்கி வேண்டாம், ஆசிரியர் வாசித்தாலே போதும்.

பிள்ளைகள் எதைக் கேட்க வேண்டும் என்பதில் ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. லண்டன் குரலில் பதிந்த குறுந்தட்டு மட்டும் போதாது. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கல்முனைப் பிள்ளை போனால், பொறியியல் பீடத்திலோ சம்மாந்துறையில் உள்ள பிரயோக விஞ்ஞான பீடத்திலோ அதன் முதல் உண்மையான கேட்டல் பரீட்சை முதல் விரிவுரையிலேயே நடக்கிறது. விரிவுரையாளரின் தாய்மொழி சிங்களமாக இருக்கலாம், தமிழாக இருக்கலாம்; ஆங்கிலம் இலங்கை ஆங்கிலமாக இருக்கும். தோஹாவுக்கோ ரியாதுக்கோ போகும் பிள்ளையோடு பேசப்போவது ஒரு பிலிப்பைன்ஸ் தாதி, ஒரு கேரளத்து மேற்பார்வையாளர், ஓர் எகிப்திய எஞ்சினியர். இந்தக் குரல்கள் பாடநூல் ஒலிப்பதிவில் இல்லை. ஆனால் ஊரில் இருக்கின்றன. வளைகுடாவில் இருபது வருடம் இருந்து திரும்பிய வாப்பாமார் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. கோவிட் காலத்தில் பாடத்தை வாட்ஸ்அப் குரல்பதிவாக அனுப்பிப் பழகிய ஆசிரியைகள் ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, வேண்டிய தடவை கேட்கலாம் என்ற வசதி அந்தக் குரல்பதிவில் இருந்தது. பள்ளி திறந்ததும் அதையும் மூடிவிட்டோம். ஒரு வலயக் கல்வி அலுவலகம் மனம் வைத்தால், இப்படிப்பட்ட குரல்களில் இரண்டு நிமிடக் கதை ஐம்பதைத் தொலைபேசியிலேயே பதிந்து, ஒவ்வொன்றுக்கும் அச்சிட்ட பக்கம் ஒன்றைச் சேர்த்து, ஒரு தவணைக்குள் எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிடலாம். முதலில் கேட்பது, பிறகு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது, கடைசியில் குரல் இல்லாமல் வாசிப்பது என்ற வரிசையில். பென்சிலை மட்டும் மூன்றாவது கட்டம் முடியும்வரை பைக்குள் வைத்திருக்கச் சொல்ல வேண்டும்.